இருட்டக்கா வைத்த வெளிச்சம்

ஒரு மதுக்கடையிலோ காபிக்கடையிலோ நுழைந்த உடனே, "இங்கே கொஞ்ச நேரம் உட்காரலாம் போலிருக்கிறதே" என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தப் பெருமையை நாற்காலிக்கும் பாட்டுக்கும் கொடுத்துவிடாதீர்கள். அங்கே யாரோ வெளிச்சத்தைப் பதம் பார்த்து இறக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நகரத்தில் அதையே பிழைப்பாக வைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். கடைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் இருட்டக்கா. ஐம்பதைத் தாண்டியவள், ஒண்டிக்கட்டை, கூப்பிடுகிற பெயரைப் பற்றிக் கவலைப்படாதவள்.

புதுக்கடை திறப்பதற்கு முந்தின நாள் அவளுக்கு ஆள் அனுப்புவார்கள். வருவாள். யாரிடமும் பேசாமல் ஒவ்வொரு நாற்காலியிலும் போய் உட்காருவாள். உள்ளங்கையை முகத்துக்கு நேரே விரித்துப் பார்ப்பாள். ரேகை தெரிந்தால் "இன்னும் குறை" என்பாள். "ரொம்ப இருட்டா இருக்கேக்கா" என்று முதலாளி இழுப்பார். "சாப்பிடுற தட்டு தெரியுதுல்ல? எதிர்ல இருக்கிறவங்க சிரிக்கிறது தெரியுதுல்ல? வேற என்ன தெரியணும் உங்களுக்கு?" என்று அவர் வாயை அடைத்துவிடுவாள். பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் குமிழை ஓர் இடத்தில் நிறுத்தி, சிவப்பு நகப்பூச்சால் அதன் பக்கத்தில் ஒரு கோடு இழுப்பாள். அந்தக் கோட்டைத் தாண்டி எவனாவது திருகினான் என்று காதுக்கு எட்டினால் போதும், நேரே வந்து சண்டை பிடிப்பாள்.

முகம் தெரிய வேண்டும், வயது தெரியக் கூடாது. இதுதான் அவளுடைய தொழில் மந்திரம். தொழிலில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டுதான். இருந்துவிட்டுப் போகட்டும். ஊரில் பாதிப் பேர் காதலில் விழுந்தது அவள் வைத்த வெளிச்சத்தில்தான். மறுநாள் பகலில் பார்த்து மனதை மாற்றிக்கொண்டவர்களுக்கு அவள் பொறுப்பல்ல.

அவளுடைய அண்ணன் வேறொரு வகையில் அதே பிழைப்புக்காரர். செய்தித்தாளில் வாரம் ஒரு பக்கம் எழுதுவார். அந்தி சாய்ந்த பிறகு இந்த ஊரில் எங்கே போகலாம், எங்கே உட்காரலாம், எந்தப் பேட்டையில் எந்தக் கடைக்கு என்ன குணம் என்று பேட்டை பேட்டையாக அலைந்து எழுதுகிறவர். அண்ணன் புகழ்கிற கடைக்கெல்லாம் தங்கைதான் வெளிச்சம் வைத்திருப்பாள். "இது பத்திரிகையா, குடும்பத் தொழிலா?" என்று ஊரில் கேலி உண்டு. இத்தனைக்கும் அண்ணன் குடிகாரர் இல்லை. எதையும் நுனிநாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார்.

அன்றைக்குக் காலையில் அண்ணி ஃபோன் செய்தாள். அவள் தொலைவில் மகள் வீட்டில் இருந்தாள். மகளுக்குக் குறைமாதத்தில் குழந்தை பிறந்து, குழந்தை இன்னும் மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள்தான் இருந்தது.

"உங்க அண்ணன் குரலே சரியில்ல. வீடியோல வாங்கன்னா இருட்டுல உக்காந்துகிட்டு வர்றாரு. கேட்டா கரண்டு இல்லைங்கறாரு. தினமுமா கரண்டு இருக்காது? எனக்கென்னவோ உடம்புக்கு முடியாம மறைக்கிறாருன்னு தோணுது. இங்க இவளையும் புள்ளையையும் விட்டுட்டு நான் எப்படிக் கிளம்புவேன்? நீ நேர்ல போய்ப் பாரு. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு. நான் வரணுமா வேண்டாமான்னு நீதான் சொல்லணும். நீ சொன்னா அதுதான்."

இருட்டக்காவின் தலையில் இப்படியாக ஒரு பாரம் ஏறியது. உடனே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"மத்தியானம் வீட்டுக்கு வரவா அண்ணா?"

"மத்தியானம் நான் தூங்குவேன். ராத்திரி வேலை பாக்குறவன்கிட்ட வந்து மத்தியானம் வரேங்கற. சாயங்காலம் வா, என் கூட சுத்து. மூணு பேட்டை, ஒரே ராத்திரின்னு எழுதப் போறேன். எல்லாம் உன் கடைங்கதான்."

எல்லாம் உன் கடைகள்தான் என்றதும் அவளுக்குக் குளிர்ந்துவிட்டது. அண்ணனைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, தன் கைவேலையைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று சம்மதித்தாள்.

முதல் பேட்டை, பழைய அச்சுக்கூடங்கள் இருந்த தெருக்கள். இயந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டு அந்தக் கூடங்களில் காபிக்கடை வைத்திருந்தார்கள். அவள் போனபோது வானத்தில் கடைசிச் சிவப்பும் போயிருந்தது. உயரமான ஜன்னல்களுக்குப் பின்னால் ஆட்கள் தேன் நிறத்தில் அசைந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. கோப்பையைத் தூக்குகிறவர் தூக்கியபடியே எதையோ யோசித்தார், புத்தகம் படிக்கிறவள் பக்கத்தைத் திருப்ப மறந்திருந்தாள். தான்தான் இதைச் செய்தோம் என்பது தெரிந்தும், வாசலில் நின்று பார்க்கிறபோது அவளுக்கே அது யாரோ காண்கிற கனவு போலத்தான் இருந்தது.

அண்ணன் முன்கூட்டியே வந்து கடைசி மூலையில், சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். அந்த மூலை அவளுக்குச் செல்ல மூலை. மேலே விளக்கு கிடையாது. பக்கத்துச் செங்கல் சுவரில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் மட்டும்தான். "இந்த எடத்துக்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே எதிரே உட்கார்ந்து, சொன்னபடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

அண்ணன் நன்றாகத்தான் இருந்தார். சொல்லப்போனால் எப்போதையும்விட நன்றாக இருந்தார். கன்னம் லேசாக ஒட்டியிருந்தது, அது முகத்துக்கு ஒரு களையைக் கொடுத்தது. தோலில் மாலை வெயில் பட்டாற்போல ஒரு நிறம். அறுபதை நெருங்குகிற ஆள், கல்யாணத்துக்கு நின்ற காலத்து மாப்பிள்ளை மாதிரி சிரித்தார்.

"என்ன அப்படிப் பாக்குற? பொண்ணு பாக்க வந்தவ மாதிரி?"

"அண்ணி பாக்கச் சொன்னாங்க. உடம்பு சரியில்லையாமே உனக்கு?"

"அவளுக்கு அங்க பொழுது போகல," என்று பிடி கொடுக்காமல் சொல்லிவிட்டு, வெறும் தண்ணீரை வரவழைத்துக் குடித்தார். காபி வாசனையே ஆகவில்லை என்றார். அலைந்து அலைந்து அலுத்திருக்கும் என்று அவள் நினைத்தாள்.

அங்கிருந்து துறைமுகப் பேட்டைக்கு நடந்தார்கள். அந்தப் பக்கத்துத் தெருவிளக்குகள் பழைய மஞ்சள் விளக்குகள். ஈரக்கல் பாதை முழுக்க மஞ்சள் பரவிக் கிடந்தது. ஒரு நிலவறைக் கதவு திறந்து மூடுகிற நேரத்துக்குள் அரைவரிப் பாட்டு வெளியே வந்து, அவர்களோடு கொஞ்ச தூரம் நடந்து, காணாமல் போனது. மாடியில் யாரோ சிரித்தார்கள். கதவில்லாத ஒரு சின்னக் கடையில் நாலு பேர் நின்றுகொண்டே குடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணனைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தினார்கள். அண்ணன் மெதுவாக நடந்தார். இரண்டு இடத்தில் நின்று கட்டடத்தைப் பார்த்தார், அதன் கதையைச் சொன்னார். மூச்சு வாங்கத்தான் நின்றார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. கதை அவ்வளவு நன்றாக இருந்தது. கால் தரையில் படாத மாதிரி நடந்தாள் அவள்.

துறைமுக மதுக்கடைக்கு வருகிறவர்கள் பகலெல்லாம் சுமை ஏற்றி இறக்கிக் களைத்தவர்கள். தன் முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று வருகிறவர்கள். அதனால் அங்கே விளக்கை மேஜைக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டிருந்தாள். மேஜையும் கைகளும்தான் வெளிச்சத்தில். அதற்கு மேலே எல்லாரும் நிழல். சீட்டாடுகிற கைகள், ரொட்டியைப் பிய்க்கிற கைகள், ஒன்றும் செய்யாமல் கிடக்கிற கைகள் என்று கடை முழுக்கக் கைகள் மிதந்தன.

அண்ணனின் கை வெளிச்சத்துக்கு வந்தபோது கடிகாரம் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு உட்புறம் போய் நின்றது. அவர் சட்டென்று முழுக்கைச் சட்டையை இழுத்துவிட்டார்.

"இளைச்சிட்டியா?"

"வார் பழசாயிடுச்சு. மாத்தணும்."

வார் பழசாகிவிட்டது என்றால் பழசாகிவிட்டது. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை. நமக்கு என்ன பதில் வேண்டுமோ அதை ஒருவர் சொல்லிவிட்டால், நாமா இரண்டாவது கேள்வி கேட்போம்?

தண்ணீரோரமாக வெளியே வந்து அண்ணியைக் கூப்பிட்டாள். கப்பல் விளக்குகள் நீரில் நீளநீளமாகக் கலைந்துகொண்டிருந்தன.

"அண்ணி, பாத்துட்டேன். ராஜா மாதிரி இருக்காரு. கொஞ்சம் இளைச்சிருக்காரு, அதுவும் நல்லதுக்குத்தான். நீங்க இல்லாம ஓட்டல்ல தின்னா யாருதான் இளைக்க மாட்டாங்க? நீங்க நிம்மதியா புள்ளையப் பாருங்க."

மறுமுனையில் அண்ணி நீளமாக மூச்சு விட்டாள். "அப்பாடா. பெட்டியக்கூட எடுத்து வெச்சிட்டேன், திரும்பப் பிரிச்சுடறேன். உன் கண்ணு தப்பாது. நீ சொன்னா சரி."

மூன்றாவது பேட்டை மேட்டில் இருந்தது. பணக்காரர்கள் குடியிருக்கும் இடம். டாக்சியில் ஏறிப் போனார்கள். அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், கையை மட்டும் விடாமல் சொறிந்துகொண்டு வந்தார். கொசு என்றார்.

அங்கே மதுக்கடை கட்டடத்தின் உச்சி மாடியில். லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே கண்ணாடிச் சுவர், அதற்குக் கீழே மொத்த நகரமும். அச்சுக்கூடத் தெருக்கள் ஒரு பக்கம் தேனாகக் கசிந்தன. துறைமுகம் புள்ளி புள்ளியாக. எந்தப் புள்ளி தன்னுடையது என்று அவளால் சொல்ல முடியும். உள்ளே ஒரு பெண் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தாள். நகைகள் மின்ன வேண்டும், சுருக்கங்கள் மின்னக் கூடாது என்பது அந்தப் பேட்டையின் கோரிக்கை. அதைச் சாதிக்க அவள் செப்பு நிறப் பல்புகளைச் சின்னத் திரைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். அந்த வெளிச்சத்தில் எல்லாருமே நலமாக, இளமையாக, மன்னிக்கத்தக்கவர்களாக இருந்தார்கள்.

அண்ணன் கவுண்டரோரம் உட்கார்ந்தார். கவுண்டருக்குப் பின்னால் மது ஊற்றிக்கொண்டிருந்த பார்க்காரர் அவளைப் பார்த்ததும் வணக்கம் வைத்து, "கோட்டைத் தாண்டலக்கா, சத்தியமா" என்றார். மூவரும் சிரித்தார்கள். அவளுக்கு அந்த இரவு அப்படியே நீண்டுகொண்டே போக வேண்டும் போலிருந்தது.

"இந்த வாரம் உன்னப் பத்தியும் எழுதப் போறேன்," என்றார் அண்ணன். "இந்த ஊரு ராத்திரி அழகா இருக்குன்னா அது என் தங்கச்சியாலன்னு. என் வீட்டுக் குளியலறையில நீ போட்டுக் கொடுத்த பல்பைக்கூட எழுதிடுவேன். கண்ணாடி முன்னாடி நின்னா பத்து வயசு குறையுது."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள்.

குளியலறைப் பல்பு. போன மாதம் அண்ணன் நச்சரித்துக் கேட்டது. எத்தனையோ வீடுகளுக்கும் கடைகளுக்கும் வெளிச்சத்தை இறக்கிக் கொடுத்தவள் அவள். சவரம் செய்கிற கண்ணாடிக்கு மேலே வெளிச்சத்தை மங்கலாக்கு என்று கேட்ட ஒரே மனிதர் அவளுடைய அண்ணன்தான். "மூஞ்சிய வெட்டிக்குவ" என்று அவள் திட்டியபோதும் கெஞ்சி வாங்கிக்கொண்டார். தன் வேலை அண்ணனுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது என்று பூரித்துப் போய்ப் போட்டுக் கொடுத்தாள்.

காலையிலிருந்து நடந்ததெல்லாம் வரிசையாக முன்னால் வந்து நின்றது. மத்தியானம் வராதே என்றது, செல்ல மூலை, முழுக்கைச் சட்டை, கொசு. இந்த மூன்று கடைகளையும் அண்ணன் தங்கைக்காகவா தேர்ந்தெடுத்தார்? வெயில் பட்டாற்போல ஒரு நிறம் என்று நினைத்தோமே, அது என்ன நிறம்? செப்பு வெளிச்சத்திலும் மஞ்சள் வெளிச்சத்திலும் எந்த நிறம் தெரியாது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர் யார்?

கைப்பையில் ஃபோன் இருந்தது. அதில் டார்ச் அடித்துப் பார்க்கலாம்தான். ஆனால் முகத்துக்கு நேரே டார்ச் அடிப்பது திருடனைப் பிடிக்கிற வேலை. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையாவது சொல்லி மழுப்பிவிடுவார். அவர் மழுப்பினால் தானும் நம்பிவிடுவோம் என்பதுதான் அவளுடைய பயம்.

ஒவ்வொரு மதுக்கடையிலும் கூரையில் வெள்ளைக் குழல்விளக்குகள் இருக்கும். கடை மூடியதும் பெருக்கித் துடைக்கவும், உடைந்த கண்ணாடித் துண்டுகளைத் தேடிப் பொறுக்கவும் போடுவது. கழுவுற லைட்டு என்பார்கள். ஆட்கள் இருக்கும்போது யாரும் தெரியாமல்கூடத் தட்டிவிடக் கூடாது என்று அதன் ஸ்விட்சுக்கு மூடி போட்டு வைப்பது அவளுடைய வழக்கம்.

"கழுவுற லைட்டப் போடு," என்றாள் பார்க்காரரிடம்.

"அக்கா! ஆளுங்க இருக்காங்கக்கா!"

"போடுங்கறேன்ல."

"முதலாளி என்னைத் தோலை உரிச்சிடுவாரு."

அவள் எழுந்து கவுண்டருக்குள் புகுந்து, மூடியைத் தூக்கி, தானே தட்டினாள்.

குழல்விளக்குகள் இரண்டு முறை கண்சிமிட்டிவிட்டு எரிந்தன. கடை முழுக்க ஒரு கூச்சல் எழுந்தது. பாடிக்கொண்டிருந்தவள் வரியைப் பாதியில் விட்டாள். கைகோத்திருந்த ஒரு ஜோடி சட்டென்று கையை விலக்கிக்கொண்டது. கூரையில் ஒட்டடை. செம்பட்டுச் சோபாக்களில் அழுக்கு வட்டங்கள். சாயம் பூசிய தலைகளின் அடியில் வெள்ளை வேர். மன்னிக்கத்தக்கவர்களாக இருந்தவர்கள் எல்லாம் வெறும் மனிதர்களாகி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு யார் இதைச் செய்தது என்று தேடினார்கள்.

அண்ணன் மட்டும் தேடவில்லை. குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா. நிமிரு."

"அணைச்சிடு."

"நிமிருன்னா."

நிமிர்ந்தார். முகம் முழுக்க மஞ்சள். கழுத்திலும் மஞ்சள். விழியைச் சுற்றி வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் பழுத்த இலை நிறத்தில் இருந்தது. கன்னத்தில் களை என்று அவள் நினைத்தது குழி. ஒதுங்கிய சட்டைக் கைக்குக் கீழே சொறிந்து சொறிந்து ரத்தக் கோடுகள்.

அவளுக்குத் தன் தொழிலின் மேலேயே அருவருப்பு வந்தது. அதைவிட, துறைமுகத்தில் நின்றுகொண்டு ராஜா மாதிரி இருக்கிறார் என்று சொன்ன தன் வாயின் மேல்.

"எவ்வளவு நாளா?"

"பல்பு கேட்டேன்ல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடியிருந்து."

"டாக்டர்?"

"போகல. போனா என்ன சொல்லுவாங்கன்னு..." முடிக்கவில்லை. பிறகு, "அவ அங்க இருக்கணும். குழந்தைய வீட்டுக்கு எடுத்துட்டு வர்ற வரைக்கும் தள்ளிட்டாப் போதும்னு பாத்தேன். நீ வைக்கிற வெளிச்சத்துல நான் நல்லாத்தான இருக்கேன்? கொஞ்ச நாள் அதுக்குள்ளேயே இருந்துக்கலாம்னு..." என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். வெள்ளை வெளிச்சத்தில் அந்தச் சிரிப்பு எடுபடவில்லை.

"உன்னைக் கொன்னுடுவேன்," என்றாள் இருட்டக்கா.

பின்னால் ஆட்கள் சத்தம் போட்டார்கள். பணம் கொடுத்து வருகிறோம், இது என்ன ஆஸ்பத்திரியா என்று ஒருவர் கேட்டார். பார்க்காரர் ஸ்விட்சின் மேல் கையை வைத்தபடி, "அக்கா, அணைச்சிடட்டுமா?" என்று கெஞ்சினார். அண்ணன் முகம் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கேட்டுவிட்டு அவரே கையை எடுத்துக்கொண்டார்.

அவள் ஃபோனை எடுத்தாள்.

"வேண்டாம்," என்றார் அண்ணன். "நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு நானே சொல்றேன். அவளுக்கு இப்ப எதுக்கு?"

"இப்பவே போறோம் டாக்டர்கிட்ட. அதுக்கு முன்னாடி நான் சொன்ன பொய்ய நான்தான் மாத்தணும்."

வீடியோவில் அண்ணி வந்தாள். மருத்துவமனை நடைவழியில் நின்றிருந்தாள். குழந்தையைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று எண்ணியவள் போல, அவளே சந்தோஷமாக ஆரம்பித்தாள். "இப்பத்தான் நானே கூப்பிடலாம்னு இருந்தேன். இன்னிக்கு முதல் தடவையா நல்லாக் குடிச்சுது..."

"அண்ணி," என்றாள். "நான் சொன்னது தப்பு. நான் சரியாப் பாக்கல. நீங்க வரணும்."

வேறு ஒன்றும் விளக்கவில்லை. ஃபோனை அண்ணன் பக்கம் திருப்பினாள். அண்ணன் கையால் முகத்தை மறைத்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். அது சூடாக, எடையே இல்லாமல் இருந்தது.

அண்ணி பார்த்தாள். திரையைக் கிட்டே கொண்டுவந்து மறுபடியும் பார்த்தாள். மதுக்கடையில் சத்தம் போட்டவர்கள்கூட என்னவோ ஏதோவென்று அடங்கியிருந்தார்கள். அலறுவாள், திட்டுவாள், தன்னையும் சேர்த்துச் சபிப்பாள் என்று இருட்டக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏங்க," என்றாள் அண்ணி கடைசியில், பக்கத்து அறையில் தூங்குகிறவரைக் கூப்பிடுகிற மாதிரி மெதுவாக. "சாப்பிட்டீங்களா?"

எத்தனையோ வாரங்களாக அந்தக் கேள்விக்கு வாய் கூசாமல் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், குழல்விளக்குக்குக் கீழே உட்கார்ந்து, உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. கண்ணீர் கன்னத்துக் குழியில் இறங்கியது.

"இல்ல," என்றார்.